புளிப்புச் செரியும் அப்பாவின் கால்விரலும்

திருகோணமலைக் கடைகளில் புளிப்புச் செரி கிடைக்காது. சுப்பர்மார்க்கெட்டில் எப்போதாவது கறுஞ்சிவப்பு இனிப்புச் செரி ஒரு சின்னப் பெட்டியில் கண்ணில் படும். விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அதுவும் வேறு இனம். புளிப்புச் செரிச் சாறு எங்கள் வீடுகளுக்கு வருவதென்றால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், சகோதரங்கள் வழியாகத்தான். முழங்கால் நோவுக்கு, நித்திரைக்கு, யூரிக் அசிட்டுக்கு என்று ஒவ்வொரு போத்தலும் ஒரு நம்பிக்கையோடு வந்து இறங்குகிறது. எங்கள் வீட்டுக்கு அதை அனுப்பியவள் கனடாவில் இருக்கிற தங்கச்சி. அப்பாவின் கவுட் என்ற மூட்டு வருத்தத்துக்காக அனுப்பினாள். சில வருடமாக வீட்டில் பாவித்ததிலும், வாசித்ததிலும், டொக்டர்மாரைக் கேட்டதிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உதவக்கூடிய பழம்தான், ஆனால் குளிசை செய்கிற வேலையை அது செய்யாது.

பழத்தைப் பற்றிக் கொஞ்சம். பச்சையாகக் கடித்துச் சாப்பிடுவது இனிப்புச் செரி. புளிப்புச் செரி அதே குடும்பத்தில் வேறு இனம். தாவரவியலில் புரூனஸ் செராசஸ் என்பார்கள். அமெரிக்காவில் அதிகம் பயிராவது மொன்ட்மொரன்சி என்ற வகை. அங்கே விளைகிறதில் பெரும்பங்கு மிச்சிகன் மாநிலத்தில், பெரிய ஏரிக்கரையோரம் விளைகிறது. அங்குள்ள ட்ராவர்ஸ் சிட்டியில் ஒவ்வொரு ஜூலையும் செரித் திருவிழாவே நடக்கிறது. துருக்கி, போலந்து, ரஷ்யா, சேர்பியாவிலும் ஏராளமாக உண்டு. தோல் மெல்லியது, அறுவடைக் காலமோ சில கிழமைதான். மரத்தை இயந்திரத்தால் பிடித்து உலுக்கி, கீழே விரித்த படங்கில் விழுத்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிடுவார்கள். பிறகு கொட்டை நீக்கி உறைய வைப்பது, காய வைப்பது, சாறு பிழிவது எல்லாம் நடக்கும். அதனால்தான் பழமாக எங்கள் கைக்கு வராமல் போத்தலாக வருகிறது. தோலின் சிவப்புக்குக் காரணம் அந்தோசயனின் என்ற நிறமி. இந்தப் பழத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றித்தான் நடக்கின்றன.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையில் இரும்பு விழுந்தபோதுகூடச் சத்தம் போடாத மனுசன். அவருக்குக் கவுட் முதல் தரம் வந்தது ஒரு நடுச்சாமத்தில். வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து, வீங்கி, தோல் மினுங்கிக்கொண்டிருந்தது. போர்வையின் நுனி பட்டாலே துடித்தார். மின்விசிறிக் காற்றுக்கூட அந்த விரலில் படக் கூடாது என்று அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடச் சொன்னார். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்க்கப் போன அம்மாவைக் கிட்ட வரவிடவில்லை.

எங்கள் உடம்பில் பழைய கலங்கள் அழியும்போதும், இறைச்சி மீன் சமிக்கும்போதும் பியூரின் என்ற பொருள் உடைந்து யூரிக் அமிலம் உண்டாகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். வெளியேற்றுவது குறைந்தாலோ உண்டாவது கூடினாலோ இரத்தத்தில் தேங்கும். ஒரு டெசிலீற்றரில் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்து நிற்காமல் மூட்டுகளில் ஊசி ஊசியான பளிங்காகப் படியத் தொடங்கும். உடம்பின் நடுப்பகுதியைவிடக் கால்விரல் குளிர்ச்சியானது. குளிரில் கரையும் தன்மை இன்னும் குறையும். பெருவிரலில் முதலில் வருவதற்கு இது ஒரு காரணம். அந்தப் பளிங்கை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்கும்போதுதான் இவ்வளவு நோவும் சிவப்பும்.

ஒரு விசயத்தை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். நோவு உச்சத்தில் இருக்கும்போது இரத்தம் சோதித்தால் யூரிக் அமிலம் சாதாரண அளவில் காட்டக்கூடும். அப்பாவுக்கும் முதல் சோதனையில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. டொக்டர் அதை நம்பி விட்டுவிடவில்லை. வீக்கம் முழுக்க வடிந்து சில கிழமைக்குப் பிறகு திரும்பச் சோதிக்கச் சொன்னார். அப்போது 9-க்கு மேல் இருந்தது. ‘ரிப்போர்ட் நோர்மல்தானே’ என்று யாரும் அந்த முதல் தாளோடு நின்றுவிட வேண்டாம்.

செரியைப் பற்றித் தங்கச்சி சொன்னது ஆதாரமில்லாத கதை இல்லை. 2012-இல் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 633 கவுட் நோயாளர்களை இணையம் வழியாக ஒரு வருடம் பின்தொடர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செரி சாப்பிட்ட இரண்டு நாட்களில், சாப்பிடாத நாட்களோடு பார்க்கும்போது, கவுட் தாக்கும் வாய்ப்பு 35 வீதம் குறைவாக இருந்தது. செரியோடு, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் குளிசையும் எடுத்த நாட்களில் 75 வீதம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நோயாளர்கள் தாங்களே எழுதிக் கொடுத்த தகவல். செரி சாப்பிடுகிறவர்கள் அந்த நாட்களில் மற்ற விசயங்களிலும் கவனமாக இருந்திருக்கலாம்.

2020-இல் நியூசிலாந்தில் இருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 50 கவுட் நோயாளர்களைப் பிரித்து, புளிப்புச் செரிச் சாற்றைச் செறிவாக்கிய பாணியை வெவ்வேறு அளவுகளில் 28 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் குறையவில்லை. அளவைக் கூட்டியும் குறையவில்லை.

இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்கத் தேவையில்லை. முதல் ஆய்வு பார்த்தது நோவு வருகிறதா என்பதை. இரண்டாவது பார்த்தது இரத்தத்தில் அமிலம் குறைகிறதா என்பதை. அமிலம் குறையாமலே அழற்சி கொஞ்சம் தணிய இடமுண்டு. செரியின் அந்தோசயனின்கள் அழற்சியைத் தூண்டும் நொதிகளை அடக்குவதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் மூட்டில் படிந்த பளிங்கு கரைய வேண்டுமென்றால் இரத்தத்தில் அமிலம் 6-க்குக் கீழே இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது அலோபியூரினோல் போன்ற மருந்துகள். நோவு இல்லாத காலத்திலும் பளிங்கு உள்ளே சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கலாம். நோவு குறைந்தது என்று மட்டும் பார்த்து மருந்தை விட்டால் மூட்டு மெல்ல மெல்லச் சேதமாகும், சிறுநீரகத்தில் கல்லும் வரலாம்.

இதை அப்பாவுக்கு விளங்க வைப்பது லேசாக இருக்கவில்லை. சாறு குடிக்கத் தொடங்கிச் சில கிழமை நோவில்லாமல் போனதும், “பிள்ளை, இனி இந்தக் குளிசையை விட்டால் என்ன? அதுதான் தங்கச்சி அனுப்பின பாணி இருக்குதே” என்று தொடங்கிவிட்டார். எத்தனையோ வீடுகளில் இந்த இடத்தில்தான் வண்டி தடம் புரள்கிறது. நான் வாதாடவில்லை, அடுத்த கிளினிக்குக்குப் போத்தலையே கொண்டுபோனேன். டொக்டர் அம்மா அதை வாங்கி, பின்பக்கத்தை வாசித்துவிட்டு, “ஐயா, இதைத் தாராளமாகக் குடியுங்கோ. ஆனால் குளிசையை நான் சொல்லாமல் நிப்பாட்டாதேங்கோ” என்றார். மகள் சொன்னால் கேட்காத அப்பா அவர் சொன்னதும் கேட்டார். வீட்டில் யாராவது வெளிநாட்டுச் சாறோ, நாட்டு மருந்தோ, பொடியோ எடுக்கிறார்கள் என்றால் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மறைத்தால்தான் பிரச்சினை.

அதே நாளில் அவர் வேறொன்றும் கவனித்தார். அப்பா பிரஷருக்கு எடுத்துக்கொண்டிருந்த குளிசை சிறுநீரை அதிகம் போகச் செய்கிற தயசைட் வகை. அந்த வகை யூரிக் அமிலத்தை வெளியேற விடாமல் தேக்கும். அதை லோசாட்டனுக்கு மாற்றினார். அது பிரஷரையும் குறைக்கும், யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் வெளியேற்றும். தங்கச்சியின் போத்தலைவிட இந்த ஒரு மாற்றம் அப்பாவுக்குப் பெரிய உதவி செய்தது என்றே நினைக்கிறேன். பிரஷர் குளிசையை நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது. ஆனால் இந்தக் கேள்வியை டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அலோபியூரினோல் பற்றியும் ஒரு சொல். சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். தொடங்கிய முதல் சில மாதங்களில் நோவு அடிக்கடி வரக்கூடும். பளிங்கு கரைந்து அசையும்போது அப்படி நடக்கும். அதைத் தடுக்கக் கூடவே கொல்ச்சிசின் கொடுப்பது வழக்கம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பொறுத்துத் தொடர வேண்டும். ஆனால் உடம்பில் தடிப்போ கொப்புளமோ கண்டால், அது நள்ளிரவானாலும், குளிசையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அந்த ஒன்றில் தாமதம் ஆபத்து.

சரி, நாங்கள் அதை எப்படிப் பாவித்தோம்? வந்தது செறிவாக்கிய பாணி. மூடியைத் திறந்தால் இரத்தக் கருஞ்சிவப்பு, தேனைவிடச் சற்று இளக்கம். கரண்டியில் இருந்து சிந்தியது வெள்ளைத் துணியில் பட்டால் எளிதில் போகாது. நாக்கில் முதலில் பழப்புளிபோல ஒரு சுள்ளென்ற புளிப்பு, பின்னால் நாவல் பழத்தின் துவர்ப்பு, கடைசியாகத்தான் இனிப்பு. ஆய்வுகளில் அதிகம் கொடுத்தது ஒரு நேரத்துக்கு 30 மில்லிலீற்றர், காலை ஒரு முறை மாலை ஒரு முறை. அந்த 30 மில்லிலீற்றரில் கிட்டத்தட்ட 90 முதல் 100 பழத்தின் சாறு இருக்கும். மருந்து குடிக்கிற சின்ன அளவுக் கோப்பையில் அளந்து, பெரிய குவளைத் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டோடு கொடுத்தோம். வெறும் வயிற்றில் கொடுத்தபோது அப்பாவுக்கு வயிற்றைக் கலக்கியது. செரியில் சோர்பிட்டோல் என்ற இனிப்புப் பொருள் இயற்கையாகவே உண்டு. அது மலத்தை இளக்கும். கொல்ச்சிசினும் வயிற்றைக் கலக்குகிற மருந்து. இரண்டும் ஒன்றாகச் சேரும் நாட்களில் சாற்றை நிறுத்திவிடுவது நல்லது. பிறகு நாங்கள் மாலை ஒரு நேரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சீனி சேர்க்காதது’ என்று போத்தலில் எழுதியிருந்தாலும் பழத்தின் சீனி அதற்குள் இருக்கிறது. 30 மில்லிலீற்றர் பாணியில் ஏறக்குறைய நான்கு தேக்கரண்டிச் சீனிக்குச் சமமான இனிப்பு வந்துவிடும். இரண்டு நேரம் குடித்தால் அதன் இரண்டு பங்கு. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் கட்டுப்பாடாக இருந்துகொண்டு, இந்தச் சாற்றை மட்டும் மருந்தாக நினைத்துக் குவளை குவளையாகக் குடித்தார். அடுத்த சோதனையில் சீனி ஏறியிருந்தது. சிறுநீரக வருத்தத்தில் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இனி மீன். எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து மீன் சாப்பிடாதே என்று சொல்வது சின்னக் காரியமா? விடிகாலையில் கரைவலை இழுத்த சூடை, வெயிலில் காய்கிற நெத்தலி, மூதூர்ப் பக்கத்து மட்டி, மாரியில் கூனி இறால் சொதி. இவற்றை விட்டுவிட்டுச் சோற்றை எப்படி இறக்குவது என்று அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. கவுட் வந்ததும் மீனை முழுக்க நிறுத்துவது, பருப்பையும் கீரையையும் சேர்த்து நிறுத்துவது, கடைசியில் வெறுஞ்சோறும் சம்பலுமாக மெலிந்துபோவது, இதையும் நான் சொந்தத்தில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு தேவையில்லை. 2004-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 47,150 ஆண்களை 12 வருடம் பின்தொடர்ந்தார்கள். இறைச்சியும் கடலுணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகம் வந்தது. பியூரின் உள்ள பருப்பு, கீரை, காளான் போன்றவற்றால் அப்படி வரவில்லை. கொழுப்புக் குறைந்த பால் பொருட்கள் எடுத்தவர்களுக்குக் குறைவாகவே வந்தது.

ஆகவே வீட்டில் இப்படி ஒழுங்குபடுத்தினோம். ஈரல், குடல் வீட்டுக்கே வருவதில்லை. நெத்தலி, சூடை, சாளை, மட்டி எப்போதாவது, அதுவும் கொஞ்சமாக. மற்ற நாட்களில் பெரிய மீனில் ஒரு துண்டு. பியூரின் தண்ணீரில் கரையும், அதனால் மீன் அவியும்போது குழம்பிலும் சொதியிலும் இறங்கிவிடும். அப்பா துண்டைச் சாப்பிட்டுவிட்டுக் குழம்பை ஓரமாக விடப் பழகிக்கொண்டார். பருப்பும் முருங்கையிலையும் வழக்கம்போல. கிண்ணியாப் பக்கத்து எருமைச் சட்டித் தயிர் வந்தால் விடமாட்டார். அது கொழுப்புக் கூடியது என்பதால் ஏடெடுத்துவிட்டு மோராகக் கடைந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுக் கொடுப்பேன். பியர் முற்றாகக் கூடாது. பலரும் கவனிக்காதது சோடா. அதிலிருக்கிற சீனியில் பாதி ஃபிரக்டோஸ். அது உடம்பில் உடையும்போதே யூரிக் அமிலத்தைக் கூட்டும். விருந்துக்குப் போன இடத்தில் மரியாதைக்கு உடைத்துத் தருகிற சோடாவை அப்பா இப்போது சிரித்துக்கொண்டே தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறார்.

தண்ணீரைப் பற்றி இன்னும் எழுதலாம். வைகாசியில் கச்சான் காற்று தொடங்கினால் திருகோணமலையில் உடம்பு காய்ந்துவிடும். வியர்வை வந்ததே தெரியாது, காற்று உலர்த்திக்கொண்டு போய்விடும். அப்பாவுக்கு நோவு அதிகம் வந்தது அந்த மாதங்களில்தான். உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அமிலம் செறிவாகும். போத்தலில் அளந்து வைத்துக் குடிக்க வைத்தோம். சிறுநீர் வெளிர் நிறமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். விரதம் பிடிக்கிற நாளில்கூடத் தண்ணீர் விரதம் வேண்டாம் என்று அம்மா கட்டளை போட்டுவிட்டார். நீண்ட பட்டினியும் யூரிக் அமிலத்தை ஏற்றும். இதய வருத்தத்தாலோ சிறுநீரக வருத்தத்தாலோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் டொக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

நித்திரை விசயத்துக்கு வருவோம். அம்மாவுக்கு விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். அப்பாவின் போத்தலில் இருந்து அவரும் எடுக்கத் தொடங்கினார். செரியில் மெலட்டோனின் என்ற நித்திரை ஹோர்மோன் இருப்பது உண்மை. மொன்ட்மொரன்சிப் பழத்தில் ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 13 நானோகிராம் அளந்திருக்கிறார்கள். ஆனால் 3 மில்லிகிராம் மெலட்டோனின் குளிசை ஒன்றுக்குச் சமமாக வேண்டுமென்றால் 230 கிலோ பழம் சாப்பிட வேண்டும். ஆக, அந்த ஹோர்மோனை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 2018-இல் அமெரிக்காவின் லூசியானாவில் நித்திரையின்மை உள்ள முதியவர்களுக்குக் காலையும் மாலையும் சாறு கொடுத்துப் பார்த்தபோது சராசரியாக 84 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். டிரிப்டோஃபான் என்ற பொருள் வீணாக உடைந்துபோவதைச் சாற்றின் சில சேர்மங்கள் தடுப்பதாக அவர்கள் கருதினார்கள். ஆனால் அந்த ஆய்வு வெறும் 8 பேரில் செய்தது. 2012-இல் இங்கிலாந்தில் 20 ஆரோக்கியமானவர்களில் செய்த ஆய்விலும் தூக்கம் கூடியது. சின்னச் சின்ன ஆய்வுகள்தான், ஆனாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அம்மாவுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது. மத்தியானத் தூக்கத்தைக் குறைத்ததும், மாலைத் தேத்தண்ணியை நிறுத்தியதும் அதே காலத்தில் நடந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். விளையாடுகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வரி: மரதன் ஓடியவர்களில் செய்த ஆய்வில், ஓட்டத்துக்கு முந்தைய சில நாட்களில் இருந்தே குடித்தவர்களின் தசை வலு சீக்கிரம் திரும்பியது. ஓடி முடித்து நோவு வந்த பிறகு தொடங்கினால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவு இருந்தும் விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. 2005-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், செரி நோயைக் குணமாக்கும் என்ற தோரணையில் விளம்பரம் செய்த 29 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்த மாதிரி வாசகங்கள் இன்றும் வட்சப்பில் தமிழில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கேக்குக்குப் போடுகிற சிவப்புச் செரியைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் ஒன்றுமில்லை. உண்மையான செரியாக இருந்தால்கூட நிறம் போக ஊறவைத்து, சீனிப் பாகில் போட்டு, சாயம் ஏற்றியது. இந்தியாவில் களாக்காயை அப்படிச் செய்து செரி என்று விற்பதும் உண்டு. செரி வாசனைச் சர்பத்தும் அதே கணக்கு, சீனியும் சாயமும்தான். வீட்டு முற்றத்து ஜாம் பழம் பிள்ளைகளுக்கு நல்ல தீனி, ஆனால் செரிக்கும் அதற்கும் உறவு கிடையாது.

வெளிநாட்டில் யாரும் இல்லாதவர்கள் என்ன செய்வது? கடன்பட்டு வாங்க வேண்டாம். அந்தக் காசில் வருடத்தில் சில தரம் யூரிக் அமிலமும் சிறுநீரகமும் சோதித்துக்கொள்ளலாம். அது அதிகம் உதவும். அந்தோசயனின் வேண்டுமென்றால் கோடையில் நாவல் பழம் வருகிறது. நாவை ஊதாவாக்கும் அந்த நிறம் அதே குடும்பத்துப் பொருள்தான். செரியில் கண்ட பலனை அப்படியே நாவலில் எதிர்பார்க்க முடியாது என்றாலும், பழம் பழம்தான், விலையும் கைக்கு எட்டும். நெல்லியில் வைட்டமின் சி நிறைய. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி எடுத்தவர்களுக்கு இரண்டு மாதத்தில் யூரிக் அமிலம் 0.5 மில்லிகிராம் அளவு இறங்கியது. சின்ன இறக்கம்தான். அதற்காகப் பெரிய குளிசைகளை விழுங்கப் போனால் ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்புக் கூடும், நெல்லியைச் சாப்பாட்டோடு எடுத்தால் போதும். புளிப்பாக இருக்கிற எல்லாமே கவுட்டுக்கு நல்லது என்று நினைத்து பிலிம்பிக்காய்ச் சாறோ நட்சத்திரப் பழச் சாறோ குடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் ஒக்சாலிக் அமிலம் மிக அதிகம். அவற்றின் சாற்றை நிறையக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைக் கேரளத்திலும் இலங்கையிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு மூட்டு திடீரென்று சிவந்து சுடும்போது கூடவே காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால், பழைய கவுட்தானே என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் கிருமி போனாலும் அதே தோற்றம்தான். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்பாவின் யூரிக் அமிலம் இப்போது 6-க்குக் கீழே நிற்கிறது. கோணேசர் கோவில் ஏற்றத்தை, கோட்டை வாசலில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, நடந்தே ஏறுகிறார். பெரும்பங்கு குளிசைக்கும் தண்ணீருக்கும் சாப்பாட்டு ஒழுங்குக்கும் உரியது. செரிக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று நம்புகிறேன், அதனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அனுப்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. போத்தலின் பின்பக்கத்தில் சேர்மானம் ஒரே வரியாக, புளிப்புச் செரி என்று மட்டும் இருக்க வேண்டும். அப்பிள் சாறோ திராட்சைச் சாறோ கலந்திருந்தால் வேண்டாம். சாறாக அனுப்பினால் தண்ணீருக்கும் சேர்த்து அனுப்புகூலி, பாணியாக அனுப்புவது சிக்கனம். காய்ந்த செரியில் பெரும்பாலும் சீனி ஏற்றியிருப்பார்கள், வாசித்துப் பார்த்து வாங்குங்கள். திறந்த போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். எங்கள் வெக்கைக்கு வெளியே வைத்தால் புளித்துப் பொங்கிவிடும். அதனால் பெரிய போத்தல் ஒன்றைவிடச் சின்னது இரண்டு நல்லது. தங்கச்சியிடம் அடுத்த பார்சலில் சின்னப் போத்தல் ஒன்று போதும் என்றும், மிச்ச இடத்தில் விரலை அழுத்தாத, முன்பக்கம் அகலமான சப்பாத்து ஒரு சோடி வைக்கும்படியும் சொல்லியிருக்கிறேன். அளவு ஒன்பது.